இலுப்பை பூக்கும் இரவுகள்

களப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். ஒரு வௌவால் இனத்தையும் பூக்கும் தாவர இனம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டு எழுதி வர வேண்டும். பெரும்பாலோர் நோட்டின் நடுவே கோடு கிழிப்பார்கள். இடப்பக்கம் வௌவால்: பாலூட்டி, பறக்கும், குட்டி போடும். வலப்பக்கம் மரம்: நகராது, வெயிலில் உணவு தயாரிக்கும், விதை போடும். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எழுதியதில் தவறு எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வௌவாலைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அடுத்த கேள்வி ஒன்றைக் கேட்க முடியாது. அதனால் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மாசி போகட்டும் என்று காத்திருக்கச் சொல்வேன். பங்குனியில் இலுப்பை பூக்கும்.

தென் மாவட்டங்களில் வௌவால்களுக்கு வலை கட்டுவதுதான் என் தொழில். பிடித்து, எடை போட்டு, முன்கையை அளந்து, உடம்பில் ஒட்டியிருப்பதைச் சேகரித்து, பிடித்த இடத்திலேயே விடுவது. பல வருடங்களாக அதிகம் பார்த்தது இரண்டைத்தான்: குறுமூக்குப் பழவௌவாலும் இலுப்பையும். ஒன்றைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு இந்த வேலை என்னைக் கொண்டுவந்து விட்டது. ஒப்பிடுவது என்றால் ஒரே இரவில், ஒரே கிளையில், இரண்டையும் ஒரே கடிகாரத்தை வைத்துப் பார்ப்பது என்பதே இப்போது என் எண்ணம்.

இரண்டுக்கும் அறிவியல் பெயர் வந்த வழியிலிருந்தே தொடங்கலாம். டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயசிடம் படித்தவர். இலுப்பையின் விவரம் அவர் வழியாக லின்னேயசுக்குப் போய், 1771இல் பாசியா லாஞ்சிஃபோலியா என்ற பெயரில் அச்சேறியது. இன்றைய பெயர் மதுகா லாஞ்சிஃபோலியா. வௌவாலுக்கு 1797இல் மார்ட்டின் வால் கோப்பன்ஹேகனில் பெயர் வைத்தார். அவர் குறிப்பிட்ட இடமும் தரங்கம்பாடிதான். இன்று அது சைனாப்டெரஸ் ஸ்பிங்க்ஸ். ஒரே கடற்கரை ஊரோடு தொடர்புள்ள இரண்டில் ஒன்று தாவரவியல் நூலுக்குள் போனது, மற்றது விலங்கியல் ஏட்டுக்குள் போனது. நம் கல்லூரிகளிலும் இரண்டுக்கும் தனித்தனித் துறை, தனித்தனிக் கட்டடம். என் மாணவர்கள் நோட்டில் கிழிக்கும் கோடு அங்கிருந்து வருவதுதான்.

இலுப்பையை அருகே போய்ப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கோயில் விளக்குக்கு இதன் கொட்டையை ஆட்டித்தான் எண்ணெய் எடுத்தார்கள். மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலுக்கு இலுப்பையே தல மரம். பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். சப்போட்டா, மகிழம், பாலை எல்லாம் இதன் சொந்தங்கள். கீறினால் பால் வடியும்.

மரம் இலை உதிர்த்துவிட்டு, அநேகமாக மொட்டையாக நிற்கும்போது பூக்கத் தொடங்கும். கிளை நுனியில் செம்பழுப்பு நிறப் புற இதழ்களோடு கொத்துக்கொத்தாக மொட்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். இலை இல்லாததால் சிறகு விரித்து வருகிற எதற்கும் தடை இல்லை. மொட்டு திறப்பதற்கு முன்பே அதன் நுனியைத் துளைத்துக்கொண்டு சூல்தண்டு வெளியே நீட்டிவிடும். அதாவது பூ முதலில் பெண்ணாக இருக்கிறது. வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறது. பிறகுதான் அல்லி விரிந்து மகரந்தப்பைகள் வெடிக்கும். அல்லி என்றால் மெல்லிய இதழ் இல்லை. சதைப்பற்றுள்ள, வெளிர் மஞ்சள் நிறக் குழாய். உள்ளே சர்க்கரை நிறைந்திருக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூவே சர்க்கரை என்று நம் ஊரில் சொல்வது வாய்க்கு வந்த பேச்சு கிடையாது. உலர்த்திய பூவைத் தின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். விடிவதற்குள் அந்தக் குழாய் தானாகவே கழன்று விழுந்துவிடும்.

இந்தப் பூவின் அமைப்பில் மாணவர்களுக்கு நான் ஊசி முனையால் தொட்டுக் காட்டுவது ஒன்றுண்டு. மகரந்தத் தாள்கள் அல்லிக்குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கின்றன. குழாயைப் பிடித்து இழுத்தால் தாள்களும் சேர்ந்து வந்துவிடும். சூலகமும் நீண்ட சூல்தண்டும் காம்போடு அப்படியே நிற்கும். ஆண் பகுதி முழுவதும் கழற்றக்கூடியது, பெண் பகுதி கழற்ற முடியாதது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இரவில் நடப்பது புரியும்.

வலையைப் பொழுது சாய்வதற்கு முன்பே கட்டி, சுருட்டி வைத்துவிடுவோம். மெல்லிய கறுப்பு நைலான் நூலில் பின்னிய மிஸ்ட் நெட். பூக்கொத்துகள் உயரத்தில் இருப்பதால் இரண்டு கம்பங்களில் கப்பி போட்டு ஏற்றி இறக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே வலையை விரித்துவிட்டால் கூடு திரும்பும் மைனாவும் கிளியும் மாட்டிக்கொள்ளும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் போல ஆன பிறகு விரிப்போம். அதன்பின் வலையை விட்டு நகரக் கூடாது. மாட்டிய வௌவாலை உடனே எடுக்காவிட்டால் நூலைக் கடித்து, புரண்டு, சிறகுச் சவ்வைக் கிழித்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் ஒருவர் திறமைசாலியா என்பது எத்தனை வௌவால் பிடித்தார் என்பதில் தெரியாது. எத்தனையைக் காயமில்லாமல் எடுத்தார் என்பதில்தான் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வலைக்குள் நுழைந்தது என்று பார்த்து, அதே வழியில் முதலில் கால், பிறகு உடல், பிறகு சிறகு, கடைசியில் தலை என்று விடுவிக்க வேண்டும்.

கையில் எடுத்தால் ஒரு எலுமிச்சம்பழ எடைதான் இருக்கும், நாற்பதிலிருந்து அறுபது கிராமுக்குள். முன்கை எலும்பு ஏழு சென்டிமீட்டர் அளவு. காது விளிம்பில் வெண்கோடு, கறுத்த சவ்வுக்கு நடுவே வெளிறிய விரல் எலும்புகள், இரண்டாம் விரலிலும் ஒரு நகம். முகத்தில் பெரிய கண்கள். பூச்சி தின்னும் வௌவால்களைப் போல இது மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டு வழி தேடுவதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிறது. இலுப்பைப் பூவின் வெளிறிய நிறத்தையும் இரவில் மரத்தடியில் நிற்பவரைச் சூழும் அந்தக் கனத்த வாடையையும் இந்தக் கண்ணோடும் மூக்கோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பட்டியலில் ‘புலன்கள்’ என்று வௌவால் பக்கமும் ‘பூவின் நிறம், மணம்’ என்று மரத்தின் பக்கமும் தனித்தனியே எழுதினால் இந்தச் சேர்க்கை கண்ணில் படாமலே போய்விடும்.

மோவாயிலும் கழுத்திலும் மார்பிலும் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை மெல்ல அழுத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். மறுநாள் நுண்ணோக்கியில் இலுப்பை மகரந்தம் தெரியும். மகரந்தம் அதிகம் ஒட்டியிருப்பது முகத்தில்தான். சிவப்பு விளக்கில் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் விளங்கும். வௌவால் வந்து கொத்தில் தொற்றிக்கொள்கிறது, வாயால் அல்லிக்குழாயைக் கவ்வி இழுக்கிறது, எடுத்துக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்த் தொங்கியபடி மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புகிறது. பிறகு மறுபடி வருகிறது. அடுத்து வரும்போது அதே கொத்துக்குத்தான் வரும் என்றில்லை. அதே மரத்துக்கு வரும் என்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் முகம் போய் மோதும் இடத்தில், திறவாத மொட்டுகளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டுகள் இருக்கின்றன.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் வளர்த்த விலங்கு நடத்தையியல் துறையிலிருந்து வந்தவர்கள் இந்த உறவை ஒழுங்காக ஆராய்ந்தார்கள். இலுப்பையில் வௌவால்கள் இரை தேடும் முறை பற்றியும் மகரந்தச் சேர்க்கை பற்றியும் மாரிமுத்து உள்ளிட்ட குழு 2009இல் கட்டுரை வெளியிட்டது. வெளிநாட்டு ஆய்வேடுகளில் அமெரிக்கக் கற்றாழையையும் அதன் வௌவாலையும் படித்துவிட்டு வரும் மாணவர்களிடம் இதை முதலில் படிக்கச் சொல்வேன். நம் ஊர்க் கதை நம் ஊரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மரத்தடியில் இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் தோப்பில் வலை கட்டியபோது காவல்காரர் வந்து நின்றார். அவருக்குக் கொட்டை பொறுக்கி விற்கும் பாத்தியதையும் உண்டு.

“பூவ பூரா இதுவ பிச்சுத் தின்னுட்டுப் போயிருது சார். காய் எங்க பிடிக்கப் போவுது? வலையில மாட்டுனத விட்டுராதிய.”

“அண்ணாச்சி, இந்தக் கொத்துல இப்பம் ஒரு நூல் கட்டிட்டுப் போறேன். காலையில வந்து ரெண்டு பேரும் பாப்போம்.”

காலையில் ஏணி போட்டுப் பார்த்தோம். நூல் கட்டிய கொத்தில் விரிந்திருந்த அல்லிகள் ஒன்றுகூட இல்லை. காம்புகளும், புற இதழும், அதற்குள்ளிருந்து நீட்டிய சூல்தண்டும் கொஞ்சமும் சேதமில்லாமல் நின்றன. பக்கத்திலேயே வேறொரு கொத்துக்கு மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பை கட்டியிருந்தோம், வௌவால் தொடாதபடி. “ஆனி மாசம் ரெண்டையும் பாருங்க அண்ணாச்சி. அப்பம் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தச் சோதனையை நாங்கள் வேறு ஊர்களிலும் செய்திருக்கிறோம். பை கட்டிய கொத்தில் காய் குறைவாகவே நிற்கும். ஆனி மாதம் அவர் ஃபோனில் கூப்பிட்டார். “நீங்க சொன்னது சரிதான் சார், பையி கட்டுனதுல கொஞ்சந்தான் கெடக்கு” என்றார். அதன்பிறகு அந்தத் தோப்பில் யாரும் வௌவால் மீது கல் எறிய அவர் விட்டதில்லை.

வௌவால் பறித்துப்போவது மரத்துக்குத் தேவையில்லாத பகுதியை. கூலியாகக் கொடுப்பதற்கென்றே மரம் தயாரித்த பகுதி அது. மகரந்தம் வெளிவந்தபின் எப்படியும் விடியலுக்குள் விழப்போகிற ஒன்று. நஷ்டம் போலத் தெரிகிற இடத்தில் நஷ்டம் இல்லை என்பதை ஏணியில் ஏறினால்தான் பார்க்க முடிகிறது. தரையில் கிடக்கும் சக்கையை மட்டும் பார்க்கிறவர் வௌவாலைக் குற்றம் சொல்லத்தான் செய்வார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அதே மரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய பழந்தின்னியும் வரும். அது கொத்தின் மேல் படுத்துக்கொண்டு, வருகிற மற்றவற்றை விரட்டி, கூச்சலும் சண்டையுமாக இருக்கும். கிணற்றிலும் பாழ்மண்டபத்திலும் வாழும் ரூசெட்டஸ் வரும். நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும் பழவௌவால் அது. மூன்றில் குறுமூக்கு வௌவாலையே நான் ஒப்பீட்டுக்கு எடுப்பதற்குக் காரணம், அதன் வீடும் ஒரு தாவரம் என்பது.

நெட்டிலிங்க மரத்தில் ஆண் வௌவால் இலைகளையும் இளங்கிளைகளையும் கடித்துக் கடித்து மடியவைத்து, உள்ளே ஒதுங்க இடம் அமைத்துக்கொள்கிறது. கூந்தற்பனையின் காய்க்குலைக்குள் நடுச்சரங்களைக் கத்தரித்துக் குடைந்து கூடாரம் ஆக்குகிறது. பனையில் தொங்கும் காய்ந்த ஓலைக்கு அடியிலும் தங்கும். பாளையங்கோட்டையில் பணியாற்றிய பாலசிங், கோயில்ராஜ் இருவரும் அமெரிக்க வௌவாலியலாளர் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து இந்தக் கூடாரம் கட்டுவதை விவரித்து 1995இல் எழுதினார்கள். கட்டுவது ஆண். அது ஒன்று, அதைச் சுற்றிச் சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பம். பாளையங்கோட்டைத் தெருக்களில் வேலியோரம் நிற்கும் நெட்டிலிங்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள் தலைக்கு மேல் ஒரு கட்டுமான வேலை நடப்பதை அறிவதில்லை.

இனி மாதக் கணக்கு. இந்த வௌவால் வருடத்துக்கு இரண்டு முறை ஈனும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. கர்ப்பகாலம் நான்கு மாதத்தை ஒட்டி. முதல் ஈற்று பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வருகிறது. குட்டி பால் குடிக்கும் அந்த வாரங்களில்தான் இலுப்பை சர்க்கரையைக் கிளை நுனியில் வைத்துக் காத்திருக்கிறது. மார்ச் மாத வலைகளில் நெஞ்சோடு குட்டியைச் சுமந்த தாய்கள் வரும். அவற்றை அளக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் விதி. சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, அதே இடத்தில், உடனே விட்டுவிட வேண்டும். தரவு குறையும். குறையட்டும்.

குட்டி போடும் முறையிலும் விதை போடும் முறையிலும் இரண்டும் வேறு வேறு என்று முதல் நாளே மாணவர்கள் எழுதியிருப்பார்கள். ஆனால் ஜூன், ஜூலையில் இலுப்பைப் பழத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். பல தானிய விதைகளைப் போல இலுப்பைக் கொட்டை காய்ந்து, வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு முளைப்பதில்லை. ஈரம் போனால் உயிர் போய்விடும். சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடுகிறது. பால் குடிக்கும் குட்டியைப் போலவே அதுவும் காத்திருக்கத் தெரியாதது. விழுந்தவுடன் ஈரமும் நிழலும் வேண்டும். தாய்மரத்துக்கு அடியிலேயே விழுந்தால் பொறுக்குகிறவர் கைக்குப் போகும், இல்லையென்றால் அங்கேயே நெருக்கியடித்து முளைத்து மடியும். பழத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய், சதையைத் தின்று கொட்டையைக் கீழே போடும் வேலையைப் பெரிய பழந்தின்னி செய்கிறது. பூவுக்கும் வௌவால், விதைக்கும் வௌவால்.

வயதையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய புதைபடிவங்கள் ஏறத்தாழ பதின்மூன்று கோடி ஆண்டுகள் பழமையானவை. நமக்குக் கிடைத்திருக்கும் முழுமையான வௌவால் புதைபடிவங்களில் மிகப் பழையவை ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள். பூ வந்து வெகுகாலம் கழித்தே வௌவால் வந்தது. தனி உயிரின் கணக்கு வேறு: ஒரு பெண் குறுமூக்கு வௌவால் பிறந்து ஒரு வருடத்துக்குள் தாயாகிவிடும், இலுப்பைக் கன்று முதல் பூவைக் காட்டப் பத்து வருடம் போல ஆகும். வௌவால் குறைந்தால் சில ஆண்டுகளில் மீண்டுவர இடமுண்டு. மரம் குறைந்தால் ஒரு தலைமுறை போய்விடும். பட்டியலில் இருக்கும் வேற்றுமைகளில் எனக்குக் கவலை தருவது இந்த ஒன்றுதான்.

வௌவால் மீதான பயம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் களத்தில் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது அதுதான். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, எல்லை தாண்டி நம் ஊர்களிலும் வௌவால் அடையும் மரங்களை வெட்டச் சொல்லி மனு போட்டார்கள். நிபா கிருமி பெரிய பழந்தின்னியிடம் இருப்பது உண்மை. அதனால்தான் நாங்கள் வெறுங்கையால் எந்த வௌவாலையும் தொடுவதில்லை. ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவரை வலைப்பக்கம் விடுவதில்லை. பொதுமக்களுக்குப் போதுமானது இதைவிட எளிது: கடித்துப் போட்ட பழத்தைத் தின்னக் கூடாது, கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடக் கூடாது, பதநீர்க் கலயத்தை மூடிக் கட்ட வேண்டும். மரத்தை வெட்டினால் வௌவால் அழியாது. அடைய இடமில்லாமல் கலைந்து, களைத்து, இன்னும் நெருக்கமாக வீடுகளுக்குப் பக்கத்தில் வந்து தங்கும். வௌவால் மரம் இருக்கிறதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. இது நடக்க ஐம்பது வருடம் ஆனது பெரிய அநியாயம். இலுப்பைக்கு அத்தகைய அவப்பெயர் ஒருநாளும் இருந்ததில்லை, ஆனாலும் சாலை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது ஓரத்தில் நிற்கும் பழைய இலுப்பையும் புளியும்தான். ஒரு வரிசை இலுப்பை போனால், அந்த வழியே மரத்துக்கு மரம் மகரந்தம் கொண்டுபோன வௌவாலின் பாதையும் போய்விடுகிறது. எஞ்சிய மரம் தனியாகப் பூத்துத் தனியாக உதிர்க்கும்.

மாணவர்களின் பழைய பட்டியலைப் பூக்காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன். பெரும்பாலோர் நடுக்கோட்டை அடித்துவிட்டு, மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே இரண்டும் என்ன செய்கின்றன என்று நிரப்பித் தருவார்கள். அப்படி எழுதிய நோட்டுகளைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படிப்பவர்களிடம் கேட்பது இதுதான். வீட்டுப் பனையில் தொங்கும் காய்ந்த ஓலையைப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வெட்ட வேண்டாம், கொளுத்த வேண்டாம். அதற்கடியில் குட்டி இருக்கலாம். நெட்டிலிங்கத்தை ஒட்ட நறுக்குவதானால் முதலில் உள்ளே அண்ணாந்து பாருங்கள். ஆனி, ஆடியில் ஊர் இலுப்பைக்கு அடியில் கிடக்கும் கொட்டையைப் பொறுக்கிச் சதையைக் கழுவிவிட்டு, அந்த வாரமே மண்ணில் ஊன்றுங்கள். அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைத்தால் முளைக்காது.